ஏலத் தளத்தில் மாடல் ரயில் தேடுவது எப்படி? சரியான பிரிவில் பார்த்தால் கடை விலைதான் வருகிறது

கிளைப்பாதை (லெஸ்டர்):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் 1950களில் ஓடிய சின்னக் கிளைப்பாதை ஒன்றை ஓஓ கேஜ் என்ற மாடல் ரயில் அளவில் அமைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். பெரிய ஆசை இல்லை. ஒரு பேனியர் டேங்க் இன்ஜின் (கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி உள்ள நீராவி இன்ஜின்), இரண்டு பயணிகள் பெட்டி, நாலைந்து சரக்கு வேகன், ஒரு குட்டி ஸ்டேஷன், அவ்வளவுதான். இன்ஜினுக்கு 60 பவுண்டு வரை தரலாம் என்று வைத்திருக்கிறேன்.

இபேயில் பொம்மைகள், அதற்குள் மாடல் ரயில்கள், அதற்குள் ஓஓ கேஜ், அதற்குள் இன்ஜின்கள் என்று படிப்படியாக இறங்கி, தயாரிப்பு நிறுவனத்தையும் டிக் செய்துதான் தேடுகிறேன். வருவதெல்லாம் கடைக்காரர்களின் சரக்கு, கடை விலை. ஏலத்தில் இருப்பவையோ முந்தைய நாள் வரை 15 பவுண்டில் படுத்துக் கிடந்துவிட்டு, முடிகிற நிமிடத்தில் 80-க்குத் தாவுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் எப்படித்தான் வாங்குகிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். ஹெச்ஓ பிரிவிலும் பிரிட்டிஷ் இன்ஜின்கள் கிடக்கின்றன. அவை என் தண்டவாளத்தில் ஓடுமா?

பழைய ஃபயர்மேன் (டார்பி):

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஓடும். ஓஓ, ஹெச்ஓ இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். வண்டியின் உருவம்தான் வேறு. ஓஓ 1:76, ஹெச்ஓ 1:87. பிரிட்டிஷ் இன்ஜின் ஹெச்ஓ பிரிவில் கிடந்தால், பெரும்பாலும் அது ஓஓ இன்ஜின்தான், விற்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று பொருள். அங்கேதான் நீங்கள் தேட வேண்டும்.

ஏனென்றால் பிரிவைத் தேர்ந்தெடுப்பது தளம் அல்ல, விற்பவர். சரக்கைப் பற்றித் தெரிந்தவர் சரியான பிரிவில் போடுவார், விலையும் சரியாக வைப்பார். தெரியாதவர் அப்பா இறந்த பிறகு பரணைக் காலி செய்கிறவராக இருப்பார், இல்லையென்றால் வீட்டுச் சாமானை மொத்தமாக எடுத்து விற்கிறவராக இருப்பார், தானமாக வந்த பொருட்களை விற்கும் தர்மக் கடையில் தன்னார்வத்தில் வேலை செய்கிறவராகவும் இருக்கலாம். அவர்கள் 'பொம்மைகள், இதர வகை' என்று எங்காவது தள்ளிவிடுவார்கள். எல்லோரும் தேடும் இடத்தில் எல்லோரும் விலை கேட்கிறார்கள். உங்கள் 15 பவுண்டு 80 ஆவது அதனால்தான்.

நீங்கள் செய்யும் முதல் காரியமே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. கேஜ், ஸ்கேல், நிறுவனம் என்று வடிகட்டிகளை டிக் செய்யச் செய்ய, அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விட்டவர்களின் பொருட்கள் கண்ணிலிருந்து மறைந்துபோகின்றன. ஒவ்வொரு வடிகட்டியின் கடைசியிலும் 'குறிப்பிடப்படவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து பாருங்கள். வேறு உலகமே திறக்கும்.

அடுத்து எழுத்துப் பிழை. ஓஓ என்பதைச் சிலர் ஆங்கில எழுத்தாகத் தட்டுகிறார்கள், சிலர் இரண்டு பூஜ்யமாகத் தட்டுகிறார்கள். பேனியருக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'என்'. ஒற்றை 'என்' போடுகிறவர்கள் ஏராளம். தளம் தானாகவே எழுத்தைத் திருத்திக் காட்டப் பார்க்கும். நான் தட்டியதையே தேடு என்று அதனிடம் சொல்ல வேண்டும். மாற்றுச் சொற்களை அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி போட்டு எழுதினால், அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காட்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி வைத்தால் அது கழிந்துவிடும். மரத்தாலான குழந்தை ரயில்களையும் ஜிக்சா புதிர்களையும் இப்படித்தான் நான் விரட்டுகிறேன்.

எனக்குப் பிடித்த வழி எண். ஒன்றும் தெரியாதவர் இன்ஜினைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் கண்ணுக்குப் படுவது ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் உள்ள எண் ஒன்றுதான். தலைப்பில் அதை அப்படியே எழுதிவிடுவார். 'பச்சை ரயில் 8751' என்பதுபோல. ஆகவே நீங்கள் விரும்பும் வகையில் எந்தெந்த எண்களில் மாடல் வந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிரிவே தேர்ந்தெடுக்காமல் அந்த எண்களைத் தேடுங்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 என்ற வகைப் பேனியர்கள் 1929 முதல் 1950 வரை 863 கட்டப்பட்டன. அத்தனைக்கும் மாடல் இல்லை, பயப்பட வேண்டாம்.

பெட்டியோடு விற்றால் பெட்டியின் ஓரத்தில் உள்ள பட்டியல் எண்ணும் உதவும். ஹார்ன்பி நிறுவனத்துடையது என்றால் 'ஆர்' எழுத்தில் தொடங்கும். பாக்மன் பிராஞ்ச்லைன் இன்ஜின்கள் பல 31, 32 என்று தொடங்கிக் கோடு போட்டு நீளும். 371, 372 என்று வந்தால் அது கிரஹாம் ஃபாரிஷ், 'என்' கேஜ், இன்னும் சிறிய அளவு, உங்களுக்கு ஆகாது.

சிக்னல் கேபின் (ஹாரோ):

தம்பி, ஃபயர்மேன் அண்ணா சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு எழுத்துப் பிழைகளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு ஒரு பொழுதுபோக்கு. உங்களுக்கு வேண்டியது ஓடுகிற ஒரு இன்ஜின். பழைய சரக்கை வாங்கி, ஓட்டிப் பார்த்து, குறைகளை எழுதி விற்கும் கடைகள் இந்த நாட்டில் உண்டு. 1946-இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் 2024 ஜனவரியில் கடையை மூடப்போவதாக அறிவித்தது எங்களுக்கெல்லாம் பெரிய இழப்புதான். இருந்தாலும் ஷெஃபீல்டில் இருப்பதுபோன்ற கடைகள் மிச்சம் இருக்கின்றன.

சட்டத்தையும் யோசியுங்கள். வணிகமாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. தனி நபரிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. வர்ணனைக்கு மாறாக இருந்தால் மட்டுமே சண்டை போடலாம். 'ஓட்டிப் பார்க்கவில்லை, எங்களிடம் கன்ட்ரோலர் இல்லை' (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) என்று எழுதியிருக்கும் சரக்கில் என்ன வர்ணனை, என்ன மாறுபாடு? ஓட்டிப் பார்த்து ஓடாததால்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

பழைய ஃபயர்மேன் (டார்பி):

சிக்னல் கேபின், அது எல்லாருக்கும் பொருந்தாது. விற்கும் மற்ற பொருட்களைப் பாருங்கள். குழந்தை உடுப்பு, பீங்கான் கோப்பை, பழைய கேமரா, அதோடு ஒரு ரயில் என்றால் உண்மையிலேயே கன்ட்ரோலர் இல்லாதவர். இருபது இன்ஜின் விற்கிறவர் 'கன்ட்ரோலர் இல்லை' என்றால்தான் சிரிப்பு வரும்.

கிளைப்பாதை (லெஸ்டர்):

இருவருக்கும் நன்றி. 'குறிப்பிடப்படவில்லை' கட்டத்தை இத்தனை நாள் கவனித்ததே இல்லை. ஃபயர்மேன் அண்ணா, தவறான பிரிவு என்றால் எவை எவை?

பழைய ஃபயர்மேன் (டார்பி):

பிரிவுகளின் பெயரைத் தளம் அவ்வப்போது மாற்றும், ஆகவே பெயரை நெட்டுருப் போட வேண்டாம். விற்பவர் எப்படி யோசிப்பார் என்று பாருங்கள்.

பழையது என்று நினைத்தால் பழம்பொருள், சேகரிப்பு. அங்கே ரயில்வேயானா என்று ஒரு பகுதி இருக்கும். உண்மையான ரயில்வேயின் கைவிளக்கு, பெயர்ப் பலகை, டிக்கெட் போன்றவற்றுக்கானது அது. மாடலையும் அதில் தள்ளுகிறவர்கள் உண்டு. உலோகமாகக் கனத்தால் டைகாஸ்ட் வாகனங்கள், அதாவது கார், லாரி நடுவில். முகம் வரைந்த நீல இன்ஜின் கூட இருந்தால் தாமஸ் பொம்மைகள். ஹார்ன்பி தயாரித்த தாமஸ் வரிசை ஓஓ கேஜில் உங்கள் தண்டவாளத்திலேயே ஓடும். அதன் வேகன்களில் முகத்தைக் கழற்றிவிட்டு வர்ணம் அடித்தால் நல்ல சரக்கு வேகன் ஆகிவிடும்.

பேருந்துப் பிரிவில்கூடப் பாருங்கள். லண்டன் நகரின் பேருந்துகளையும் சுரங்க ரயில்களையும் நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956 முதல் 13 பேனியர்களை வாங்கி, பாதைப் பராமரிப்பு வண்டிகளை இழுக்க 1971 வரை ஓட்டியது. அந்தச் செந்நிறத்தில் மாடலும் வந்திருக்கிறது. பக்கவாட்டில் 'லண்டன் டிரான்ஸ்போர்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரட்டை அடுக்கு பஸ்களோடு சேர்த்துவிட்டார் ஒருவர். அதை எடுத்தவன் நான் இல்லை. அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

கடைசியாக 'நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும்' என்ற நிபந்தனையோடு வருபவை. எட்டடிக்கு நாலடிப் பலகையில் ஆணி அடித்த முழு அமைப்பை யார் தபாலில் அனுப்புவார்கள்? ஏலம் கேட்கிறவர்கள் பத்தில் ஒருவராகக் குறைந்துவிடுவார்கள். லெஸ்டரிலிருந்து 30 மைல் என்று தூரத்தை வைத்துத் தேடுங்கள். பலகை வேண்டாம் என்றாலும் அதன் மேல் உள்ள தண்டவாளம், பாதை பிரியும் பாயின்ட், கட்டடம், கன்ட்ரோலர் எல்லாம் உங்களுடையது.

வேகன் மேஸ்திரி (டொராண்டோ):

இங்கே அமெரிக்கத் தளத்தில் 'ரயில்வே' என்று தட்டினால் பாதி வராது, 'ரெயில்ரோடு' என்றுதான் தட்ட வேண்டும். பிரிட்டிஷ் சரக்கு இந்தப் பக்கம் வந்தால் கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. ஆனால் தபால் செலவு இன்ஜினையே விழுங்கிவிடும்.

நெக்கார் கரை (ஸ்டுட்கார்ட்):

ஜெர்மன் தளத்திலும் தேடலாம், பிரிட்டிஷ் மாடல் எப்போதாவது அங்கே அநாதையாக வரும். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் ஹெச்ஓ என்று எழுதும்போது இரண்டாவது எழுத்து ஓ அல்ல, பூஜ்யம். எழுத்து ஓ-வைத் தட்டினால் உள்ளூர் ஆட்களின் சரக்கு பலவும் வராது. மொத்தமாகக் குவியலாக விற்பதற்கு 'கொன்வொலூட்' என்பார்கள். பரண் கண்டெடுப்புக்கு 'டாக்போடன்ஃபுண்ட்'. இந்த இரண்டு சொல்லும் எனக்குச் சோறு போடுகின்றன என்று என் மனைவி சொல்வார். உண்மையில் சோற்றைப் பிடுங்குகின்றன.

இரண்டாவது விஷயம் மின்சாரம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோப்பிங்கன் ஊரின் மெர்க்லின் நிறுவனம் மாறுமின் (ஏசி) முறையில்தான் பெரும்பாலான ஹெச்ஓ இன்ஜின்களைச் செய்கிறது. தண்டவாளத்தின் நடுவே வரிசையாகப் புள்ளிபோல் தெரியும் முனைகளிலிருந்து மின்சாரம் எடுக்க, இன்ஜினின் அடியில் நீளமான ஒரு உலோகப் பட்டை இருக்கும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று காப்பிடப்படாதவை. நம்முடைய இரண்டு தண்டவாள நேர்மின் (டிசி) பாதையில் வைத்த உடனே ஷார்ட் ஆகும். பிரிவு இரண்டுக்கும் ஒன்றுதான். விற்பவர் சொல்லாவிட்டால் அடிப்பகுதிப் படத்தைக் கேளுங்கள். பெட்டியில் அலைக்குறி இருந்தால் மாறுமின், சமக்குறி இருந்தால் நேர்மின்.

மிகப் பழைய உலோக இன்ஜின்களில் இன்னொரு வியாதி உண்டு. துத்தநாகக் கலப்புலோகத்தில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், காலப்போக்கில் வார்ப்பு உப்பி, மயிரிழை விரிசல் விட்டு, கையில் எடுத்தாலே உதிரும். போருக்கு முந்தைய சரக்கில் அதிகம். படத்தில் அடிச்சட்டம் லேசாக வளைந்தாற்போல் தெரிந்தால் கேமராவின் கோணம் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

பெரம்பூர் ஷெட் (சென்னை):

இங்கிருந்து ஏக்கத்தோடு படித்துக்கொண்டிருக்கிறேன். இபேயின் இந்தியத் தளம் 2017-இல் ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் பிறகு எங்களுக்கு ஏலம் என்றால் வெளிநாட்டுத் தளம்தான். நீங்கள் எந்தப் பிரிவில் தேடுவது என்று பேசுகிறீர்கள், எங்கள் கவலை சுங்கத்துறை எந்தப் பிரிவில் போடும் என்பது. பொம்மைக்கும் அளவு குறைத்த மாடலுக்கும் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பு, 9503. பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்கு இந்திய தர முத்திரையும் கட்டாயம். ஐம்பது வயதுக்காரன் அலமாரியில் வைக்கும் இன்ஜினும் அதிகாரியின் மேஜையில் குழந்தைப் பொம்மைதான். நண்பர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியின் மூலையில் ஒன்று என்று வருவதால்தான் என் ரயில் ஓடுகிறது.

ஒரு பயனுள்ள குறிப்பு. கன்ட்ரோலரோடு சேர்ந்த செட் வாங்கினால் நாட்டைப் பாருங்கள். பிரிட்டனும் நாமும் 230 வோல்ட், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்கக் கன்ட்ரோலர் 120, ஜப்பானியது 100. அப்படியே சொருகினால் புகை இன்ஜினிலிருந்து வராது, கன்ட்ரோலரிலிருந்து வரும்.

ஒன்பது மில்லி (யோகஹாமா):

ஜப்பானைப் பற்றிப் பேச்சு வந்ததால். இங்கே 'என்' கேஜ்தான் ராஜா. கேட்டோ நிறுவனம் 1965-லேயே அதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஏலத்தில் 'ஜங்க்' என்று போட்டிருந்தால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்று பொருள். ஆனால் பாதிக்கு மேல் ஓடுகிறது. ஒரே 9 மில்லி தண்டவாளத்தில் மூன்று அளவு உண்டு. பிரிட்டிஷ் 1:148, ஜப்பானின் சாதாரண ரயில்கள் 1:150, ஷிங்கான்சென்னும் ஐரோப்பாவும் 1:160. தளத்துக்கு மூன்றும் ஒரே பிரிவு.

கிளைப்பாதை (லெஸ்டர்):

ஃபயர்மேன் அண்ணா, நீங்கள் சொன்ன வழியில் எண்ணைத் தட்டிப் பார்த்ததும் ஒன்று சிக்கியிருக்கிறது. தலைப்பு 'பரணில் கிடைத்த பழைய ரயில்கள், தண்டவாளம், ஒரு பெட்டி. பச்சை 8751, கறுப்பு 69567'. பிரிவு: பொம்மைகள், இதரவை. கேஜ் கட்டம் காலி. ஐந்து படங்கள். இப்போது 32 பவுண்டில் இருக்கிறது, இருவர்தான் கேட்டிருக்கிறார்கள். படங்களை இங்கே இணைத்திருக்கிறேன். கேட்கலாமா?

பழைய ஃபயர்மேன் (டார்பி):

முதல் படத்தைத் தாண்டுங்கள், அது பெட்டியின் மூடி. நாலாவது படத்தைப் பெரிதாக்குங்கள். தகரத் தளத்தின் மேல் மூன்று தண்டவாளம் தெரிகிறதா? அது ஹார்ன்பி டப்ளோ. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் கொண்டுவந்தது. 1959 வரை மின்சாரத்தில் ஓடியவை எல்லாம் மூன்று தண்டவாளம்தான், அதன் பிறகே இரண்டு தண்டவாளம் வந்தது. 1964-இல் மெக்கானோ, ட்ரையாங் பொம்மைகளைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போயிற்று. கறுப்பு 69567 அந்த டப்ளோவின் டேங்க் இன்ஜின். அடியில் நடுத்தண்டவாளத்தைத் தொடும் பட்டை இருக்கும். உங்கள் பாதையில் வைத்தால் நெக்கார் கரை சொன்ன அதே கதி.

பச்சை 8751 அடுத்த தலைமுறை. 1970களின் ஹார்ன்பி. இரண்டாவது படத்தில் வண்டிகளை இணைக்கும் முன்பக்கக் கப்ளிங்கைப் பாருங்கள், அகலமான கம்பியும் அதன் கீழ் கொக்கியும். அது ட்ரையாங் வழி வந்தது. மூன்றாவது படத்தில் வேகன்களில் இருப்பது டப்ளோவின் உலோகக் கப்ளிங். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஆக உங்களுக்கு இந்தப் பெட்டியில் பயன்படுவது பச்சை இன்ஜின் ஒன்று மட்டும். அதிலும் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஹார்ன்பி ஒரே ஆறு சக்கர அடிச்சட்டத்தைப் பல இன்ஜின்களுக்கு மாட்டியது. இந்தப் பேனியரும் அந்த வரிசைதான். அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்குச் சக்கர இடைவெளி உறுத்தும். எனக்கு உறுத்தாது. எண்ணெய் விட்டால் இன்னும் நாற்பது வருடம் ஓடும் மோட்டார் அது. அது ஒன்றுக்கு, நல்ல நிலையில், 30 பவுண்டுக்கு மேல் தராதீர்கள்.

மொத்தப் பெட்டி என்றால் கணக்கு வேறு. 'விற்றுப்போனவை' வடிகட்டியைப் போட்டுக் கறுப்பு இன்ஜினும் டப்ளோ வேகன்களும் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். கேட்கிற விலை யாருக்கும் உதவாது, போன விலைதான் பேசும். பார்த்துவிட்டு மனத்துக்குள் ஒரு தொகையை முடிவு செய்து, கடைசி சில வினாடியில் ஒரே ஒரு முறை போடுங்கள். உங்கள் உச்சத் தொகை முழுவதையும் தளம் எடுத்துக்கொள்ளாது, அடுத்தவரைவிட ஒரு படி மேலே மட்டும்தான் நிற்கும். முன்கூட்டியே போட்டால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள். வாங்கியபின் வேண்டாததை விற்றுவிடலாம், இன்ஜின் சும்மா வந்ததுபோல ஆகும்.

விற்பவரிடம் அதிகம் கேள்வி கேட்க வேண்டாம். கேட்டால் விழித்துக்கொள்வார்.

சிக்னல் கேபின் (ஹாரோ):

கடைசி இரண்டு வரி எனக்குப் பிடிக்கவில்லை. விற்பவரின் வர்ணனையைப் படித்தீர்களா? 'அப்பாவுடையது, எங்களுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, நல்ல வீட்டுக்குப் போனால் சரி' என்று எழுதியிருக்கிறார். விழித்துக்கொள்ளட்டுமே. ஒருவர் ஆயுள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்ததை அடிமாட்டு விலைக்கு அள்ளுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

பழைய ஃபயர்மேன் (டார்பி):

ஏலம் என்பது ஊரறிய நடப்பது. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. 32 பவுண்டு போதாது என்றால் இன்னொருவர் ஏற்றிக் கேட்கட்டும். இத்தனை வருடம் படித்துச் சேர்த்த அறிவுக்கு ஒரு கூலி இல்லையா? கடைக்காரர் அதே பெட்டியை வீட்டில் வந்து பார்த்து என்ன விலை சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

சிக்னல் கேபின் (ஹாரோ):

கடைக்காரர் வாடகை கட்டுகிறார், ஓட்டிப் பார்க்கிறார், உத்தரவாதம் தருகிறார். பொதுச்சந்தையில் நிற்கும் பொருளுக்கு நீங்கள் விலை கேட்பதை நான் குறை சொல்லவில்லை. 'கேள்வி கேட்காதே, விழித்துக்கொள்வார்' என்று ஒரு புதிய ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

வேகன் மேஸ்திரி (டொராண்டோ):

நான் ஃபயர்மேன் அண்ணா பக்கம் பாதி, சிக்னல் கேபின் அக்கா பக்கம் பாதி. வாங்கியபின் ஓடுகிறது என்று விற்றவருக்கு ஒரு படம் அனுப்புவேன். அவ்வளவுதான் என் தர்மம்.

நெக்கார் கரை (ஸ்டுட்கார்ட்):

தர்மம் இருக்கட்டும், ஒரு நடைமுறை விஷயம். கேள்வி கேட்காவிட்டால் அடிப்பகுதிப் படம் எப்படிக் கிடைக்கும்? அடிப்பகுதியைப் பார்க்காமல் இரும்பு வாங்குகிறவன் நான் இல்லை. அனுப்பும்போது எப்படிக் கட்டுவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தண்டவாளத்தையும் இன்ஜினையும் ஒரே பெட்டியில் செய்தித்தாள் சுற்றிப் போட்டு அனுப்பினால், வழியில் தண்டவாளம் அரைத்து அரைத்து ஓட்டுநர் அறையின் கூரையைப் பெயர்த்துவிடும்.

பெரம்பூர் ஷெட் (சென்னை):

அப்படி வந்த கூரையை ஒட்டின பசை இன்னும் என் விரலில் இருக்கிறது.

கிளைப்பாதை (லெஸ்டர்):

விற்பவருக்கு எழுதிவிட்டேன். பச்சை இன்ஜினின் அடிப்பகுதிப் படம் கேட்டேன். கூடவே, மூன்று தண்டவாளம் உள்ளதும் கறுப்பு இன்ஜினும் வேகன்களும் ஹார்ன்பி டப்ளோ, பச்சை மட்டும் வேறு காலத்தது, தனித்தனியாகப் போட்டால் சரியான ஆட்கள் வருவார்கள் என்றும் சொன்னேன். ஃபயர்மேன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு இன்ஜின். மூன்று தண்டவாளச் சரக்கை வாங்கிப் பிரித்து விற்றுக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கில்லை.

பதில் வந்துவிட்டது. அவர் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு மூன்றாகப் பிரித்து மாடல் ரயில்கள் பிரிவிலேயே புதிதாகப் போட்டிருக்கிறார். அடிப்பகுதிப் படமும் வந்தது. சக்கரங்களைச் சுற்றி முடியும் தூசியும் சுருண்டிருக்கின்றன, ஒரு பக்கத் திருகு இல்லை.

பழைய ஃபயர்மேன் (டார்பி):

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. கொஞ்சம் வயிற்றெரிச்சல், அது போய்விடும்.

படத்தைப் பார்த்தேன். சக்கர அச்சில் கம்பளி நூல் சுற்றியிருப்பது தரைவிரிப்பில் ஓட்டியதன் அடையாளம். இடுக்கியால் எடுத்துவிடலாம். திருகு கிடைக்கும். மின்சாரம் எடுக்கும் கம்பித் தூரிகைகள் இரண்டும் இருக்கின்றன, அதுதான் முக்கியம். ஓட்டிப் பார்க்காதது என்பதால் தபாலோடு சேர்த்து 28 பவுண்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். இந்த எண்ணில் அடிக்கடி வரும். 'தேடலைச் சேமி' என்பதை அழுத்தி வைத்தால் அடுத்தது வரும்போது மின்னஞ்சல் வரும்.

ஒன்று மறக்க வேண்டாம். பிறகு புதிதாக ஏதாவது வாங்கும்போது 'டிசிசி ரெடி' (டிசிசி என்பது இன்ஜினை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) என்று இருந்தால் அதற்கான டிகோடர் சிப் உள்ளே இல்லை, பொருத்த இடம் மட்டுமே இருக்கிறது என்று பொருள். 'டிசிசி ஃபிட்டட்' என்றால்தான் உள்ளே இருக்கிறது. இரண்டையும் குழப்பி விலை வைப்பவர்கள் தெரியாதவர்களிலும் உண்டு, தெரிந்தவர்களிலும் உண்டு. அதேபோல் இன்ஜின்கள் பிரிவில் 12 பவுண்டுக்குப் பளபளவென்று ஒன்று நின்றால், அடியில் கறுப்புப் பீடம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை இதழ்களோடு வந்த அலங்கார மாடல் அது. மோட்டார் கிடையாது.

சிக்னல் கேபின் (ஹாரோ):

தம்பி, நன்று செய்தீர்கள். பயணிகள் பெட்டிகளைக் கடையில் வாங்குங்கள் என்று மட்டும் மறுபடியும் சொல்கிறேன். பெட்டிகளில் ஏலத்துக்கும் கடைக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று கடைக்காரர் பார்த்துச் சொல்வார்.

நெக்கார் கரை (ஸ்டுட்கார்ட்):

கிளைப்பாதை, கறுப்பு 69567-க்கு ஏலம் எப்போது முடிகிறது? பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிறகு அங்கிருந்து வாங்கினால் இங்கே மதிப்புக் கூட்டு வரி உண்டு. 150 யூரோவுக்குள் என்றால் தளமே வசூலித்துவிடும், சுங்க அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. மெர்க்லின் மாறுமின் பாதைக்கு அது ஆகாது என்று தெரியும். அலமாரியில் வைக்கத்தான்.

கிளைப்பாதை (லெஸ்டர்):

ஞாயிறு இரவு 8.40, லண்டன் நேரம். இப்போதே யாரோ விலையை 41 பவுண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பழைய ஃபயர்மேன் (டார்பி):

அந்த யாரோ நான்தான். முன்கூட்டியே போடாதே என்று எழுதியது நினைவிருக்கிறது, யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம். என் மூன்று தண்டவாளப் பாதைக்கு ஒரு டேங்க் இன்ஜின் வெகுநாளாகத் தேவைப்படுகிறது. நெக்கார் கரை, உங்களுக்கு அலமாரிக்குத்தான் என்றால், அதே டப்ளோ இன்ஜின் மோட்டார் எரிந்ததாக 'உதிரி பாகத்துக்கு' என்ற பிரிவில் இன்னொன்று இருக்கிறது. வெளித்தோற்றம் நன்றாக இருக்கிறது. சுட்டியைத் தனிமடலில் அனுப்புகிறேன். தம்பி, அந்தத் தண்டவாளக் குவியலில் வளைவுத் துண்டுகள் எத்தனை என்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?